இடது ஸ்டிக், வலது பக்கம்: டிஃபென்ஸ்மேன் மாறி நின்று ஆட முடியுமா?

ஐஸ் ஹாக்கி பார்ப்பவர்களிடையே ஓயாமல் நடக்கும் வாக்குவாதம் ஒன்று உண்டு. இடது பக்கம் ஸ்டிக் பிடிக்கிற டிஃபென்ஸ்மேனை, அதாவது தடுப்பாட்டக்காரரை, வலது பக்கம் நிறுத்தினால் அவர் ஒழுங்காக ஆடுவாரா? தாராளமாக ஆடலாம் என்று ஒரு கூட்டம், அந்தத் தவறை மட்டும் செய்யாதே என்று இன்னொரு கூட்டம். வேலூரில் இருந்துகொண்டு உனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். சத்துவாச்சாரிப் பக்கம் சனி ஞாயிறுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன், நம் தரை ஹாக்கிதான், அங்கே இதே கேள்வி வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது: "அண்ணா, ரைட் பேக்ல நிக்கிறேண்ணா, லெஃப்ட் பேக் மட்டும் வேணாம்ணா." அந்தப் பையன் சொல்வதும் கனடாக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்வதும் ஒரே விஷயத்தைத்தான் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் அடியிலிருந்தே பார்ப்போம்.

ஐஸ் ஹாக்கி ஸ்டிக்கின் அடியில் இருக்கும் பிளேடு ஒரு பக்கமாக வளைந்திருக்கும். என்.எச்.எல். (வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) விதிப்படி அந்த வளைவு முக்கால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது. இடது கை கீழே, வலது கை மேலே வைத்துப் பிடித்தால் பிளேடு உடம்புக்கு இடப்பக்கம் வரும், அவரை லெஃப்ட் ஷாட் என்பார்கள். இதற்கும் எழுதுகிற கைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வலது கையால் எழுதுகிற பலர் பலமான கையை மேலே வைத்துப் பிடித்துப் பழகுவதால் லெஃப்ட் ஷாட்டாகவே வளர்கிறார்கள், கனடாவில் இது ரொம்ப சகஜம். மொத்த என்.எச்.எல். ஆட்டக்காரர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் லெஃப்ட் ஷாட்தான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு மேட்சுக்கு ஒரு அணி வழக்கமாக ஆறு டிஃபென்ஸ்மேன்களை மூன்று ஜோடியாக இறக்கும். ஜோடிக்கு ஒரு லெஃப்ட், ஒரு ரைட் இருந்தால் பயிற்சியாளருக்கு நிம்மதி. ஆனால் நல்ல ரைட் ஷாட் டிஃபென்ஸ்மேன் மூன்று பேர் எத்தனை அணிக்குக் கிடைப்பார்கள்? கிடைக்காத அணி என்ன செய்யும், ஒரு லெஃப்ட் ஷாட்டை வலது பக்கம் தள்ளிவிட்டு வேண்டிக்கொள்ளும். அவர்கள் ஆசைப்பட்டு மாற்றுவது குறைவு, பெரும்பாலும் ஆள் பற்றாக்குறை. ரைட் ஷாட் டிஃபென்ஸ்மேன் சந்தைக்கு வந்தால் அணிகள் போட்டி போட்டு விலை கொடுப்பதும் இதனால்தான்.

சரி, பக்கம் மாறினால் அப்படி என்னதான் ஆகிறது? இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட வீட்டில் ஒரு மாப் கட்டையை எடுத்துச் செய்து பார்ப்பது சுலபம். இடது கை கீழே இருக்கட்டும். இப்போது பலத்தோடு தள்ளினால் கட்டை இடமிருந்து வலமாகத்தான் வீசும், அதுதான் ஃபோர்ஹேண்ட். இனி நீங்கள் மைதானத்தின் வலது ஓரத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு ஓரத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள். எதிரணி கோல் உங்களுக்கு இடது கைப்பக்கம் இருக்கும். உங்கள் ஃபோர்ஹேண்ட் வீச்சோ வலதுபுறம் போகிறது, அதாவது உங்கள் சொந்த கோலை நோக்கி! பக்கை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கிற ரப்பர் வட்டு) மேலே, அதாவது எதிரணி கோல் பக்கம், அனுப்ப வேண்டுமென்றால் பேக்ஹேண்டுதான் வழி. அதே இடத்தில் சுவருக்கு முதுகு காட்டி மைதானத்தைப் பார்த்து நில்லுங்கள், எதிரணி கோல் வலது கைப்பக்கம் வந்துவிடும், ஃபோர்ஹேண்ட் வீச்சும் அப்படியே அந்தத் திசையில் போகும். இடது ஓரத்துக்குப் போய் இதையே செய்தால் எல்லாம் தலைகீழ். அங்கே சுவரைப் பார்த்து நின்றால் ஃபோர்ஹேண்ட் மேலே போகும், மைதானத்தைப் பார்த்து நின்றால் கீழே போகும்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மொத்த விவாதமும் தெளிந்துவிடும் என்று நினைக்கிறேன். சுவரைப் பார்த்து நிற்கிற நொடிகளில் சொந்தப் பக்கம்தான் (லெஃப்ட் ஷாட்டுக்கு இடது, ரைட் ஷாட்டுக்கு வலது) நல்லது. மைதானத்தைப் பார்த்து நிற்கிற நொடிகளில் எதிர்ப் பக்கம் கைகொடுக்கும். ஆகவே, ஒரு ஆள் எதிர்ப் பக்கத்தில் ஆட முடியுமா என்று கேட்பதைவிட, ஒரு மேட்சில் எத்தனை தடவை அவர் சுவரைப் பார்த்தபடி மாட்டிக்கொள்கிறார் என்று கேட்பதே சரி.

மாட்டிக்கொள்வது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். என்.எச்.எல். மைதானம் 200 அடி நீளம், 85 அடி அகலம், சுற்றிலும் சுவர், வெளியே போக இடமே இல்லை. எதிரணி பக்கை நம் மூலைக்குள் அடித்துவிட்டுத் துரத்திக்கொண்டு வரும். டிஃபென்ஸ்மேன் திரும்பி ஓடி, சுவரோரம் கிடக்கிற பக்கை எடுக்க வேண்டும், பின்னால் நூறு கிலோ ஆள் ஒருவன் மோத வருகிறான் என்று சத்தத்திலேயே தெரியும், ஒரு நொடியோ ஒன்றரை நொடியோதான் அவகாசம். இந்த இடத்தில் சொந்தப் பக்கத்துக்காரர் சுவரைப் பார்த்தபடியே ஃபோர்ஹேண்டில் சடாரென்று மேலே தட்டிவிடலாம், இல்லையென்றால் உடம்பைச் சுவருக்கும் எதிரிக்கும் நடுவில் வைத்துப் பக்கை மறைத்துக்கொண்டு திரும்பலாம். எதிர்ப் பக்கத்துக்காரருக்கு பேக்ஹேண்டுதான் மிச்சம், அதுவும் வளைந்த பிளேடின் புடைத்த பக்கத்தால். கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்துக் குழம்பு அள்ளுகிற மாதிரி. போகும், ஆனால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் மெதுவாகப் போனாலும் நம் பகுதியின் எல்லைக் கோடான புளூ லைனில் காத்திருக்கிற எதிரணி டிஃபென்ஸ்மேன் மடக்கிவிடுவான், நம் ஆட்கள் எல்லோரும் வெளியே கிளம்பிய பிறகு பக் மட்டும் உள்ளே இருக்கும். கோல் விழுவதெல்லாம் இப்படித்தான்.

அவர் திரும்பி மேலே பார்த்த பிறகும் தொல்லை முடியவில்லை. வலது ஓரத்தில் நிற்கிற லெஃப்ட் ஷாட்டின் பிளேடு மைதானத்தின் நடுவை நோக்கி இருக்கும், எதிரி வருவதும் நடுவிலிருந்துதான், ஆகப் பக்கை அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டு ஆட வேண்டியிருக்கிறது. ஜோடிக்காரருக்கு இடது பக்கம் பாஸ் போட வேண்டுமென்றாலும் பேக்ஹேண்ட், இல்லையென்றால் மொத்த உடம்பையும் திருப்ப வேண்டும்.

எதிரணி முனையிலும் இதே கதை. புளூ லைனுக்கு வெளியே பக் போய்விட்டால் உள்ளே இருக்கிற நம் ஆட்கள் அத்தனை பேரும் வெளியே வந்துதான் மறுபடி நுழைய முடியும். எதிரணி சுவரோரமாகப் பக்கை வெளியே தள்ளிவிடப் பார்க்கும்போது அதை அங்கேயே மறித்து நிறுத்துவது டிஃபென்ஸ்மேன் வேலை. சொந்தப் பக்கத்தில் அது ஃபோர்ஹேண்டில் வந்து விழும். எதிர்ப் பக்கத்தில் பேக்ஹேண்டில் பட்டுத் துள்ளும், அல்லது காலால் மறிக்க வேண்டும்.

இவ்வளவு நஷ்டம் இருந்தும் ஏன் சிலர் எதிர்ப் பக்கத்தை விரும்புகிறார்கள்? ஷாட்டுக்காக. நடுவிலிருந்து வருகிற பாஸை நிறுத்தாமல் அப்படியே அடிப்பதை ஒன்-டைமர் என்பார்கள். மைதானத்தைப் பார்த்து நிற்கிற எதிர்ப் பக்கத்துக்காரருக்கு அது வசமாக அமையும், சொந்தப் பக்கத்துக்காரர் பக்கை நிறுத்தி, நகர்த்தி, பிறகுதான் அடிக்க முடியும், அதற்குள் கோல்கீப்பர் நகர்ந்து வந்து நின்றுவிடுவார். அலெக்சாண்டர் ஓவெச்கினை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் விங்கர் (ஓரமாக ஆடுகிற தாக்குதல் ஆட்டக்காரர்), டிஃபென்ஸ்மேன் அல்ல, ஆனாலும் கணக்கு அதேதான். ரைட் ஷாட் ஆளான அவர் வருஷக்கணக்காக இடது பக்க வட்டத்தில் நின்றே அடித்துத் தள்ளினார். 2025 ஏப்ரல் 6 அன்று வெய்ன் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையைத் தாண்டிய 895ஆவது கோலும் அந்த இடது பக்கத்திலிருந்துதான் வந்தது. அவர் அங்கே நிற்பார், அங்கிருந்துதான் அடிப்பார் என்று எல்லா அணிக்கும் தெரியும், தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

தடுப்பிலும் ஒரு லாபம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. எதிரி வேகமாக ஏறி வரும்போது டிஃபென்ஸ்மேன் பின்னோக்கிச் சறுக்கியபடி மேல்கை ஒன்றால் மட்டும் ஸ்டிக்கை நீட்டிக் குத்துவார். லெஃப்ட் ஷாட்டுக்கு மேல்கை வலது கை. அவர் வலது பக்கம் நின்றால் அந்தக் கை சுவர்ப் பக்கம் இருக்கும், ஓரமாக வெட்டிக்கொண்டு போகப் பார்க்கிற விங்கருக்கு ஸ்டிக் நேரே எட்டும், உடம்பு நடுவழியை அடைத்துக்கொள்ளும். சொந்தப் பக்கத்தில் நின்றால் ஸ்டிக் நடுப்பக்கம் இருக்கும், குறுக்குப் பாஸை வெட்ட அது நல்லது. இரண்டுக்கும் ஒவ்வொரு பயன். இந்த ஒரு விஷயத்தில் எதிர்ப் பக்கம் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

இனி ஆட்களைப் பார்ப்போம். எதிர்ப் பக்கம் கூடாது என்பவர்கள் முதலில் பாஸ்டன் அணியின் டிஃபென்ஸ்மேன் பாபி ஓருக்குப் பதில் சொல்ல வேண்டும். லெஃப்ட் ஷாட், ஆடியது வலது பக்கம். 1970 மே 10, ஸ்டான்லி கோப்பை (என்.எச்.எல். பட்டம்) இறுதி, செயின்ட் லூயிஸுக்கு எதிராக நான்காவது ஆட்டம், கூடுதல் நேரம் தொடங்கி 40 நொடி. வலது சுவரோரம் வெளியே போகப் பார்த்த பக்கை பாபி ஓர் மேலேறி வந்து மறித்து, கோலுக்குப் பின்னால் நின்ற டெரெக் சாண்டர்சனிடம் தள்ளிவிட்டு நேரே கோலை நோக்கிப் பாய்ந்தார், பாஸ் திரும்பி வந்தது, கோல், பாஸ்டனுக்குக் கோப்பை. அடித்த கையோடு காற்றில் பறக்கிற அந்தப் புகைப்படத்தை ஹாக்கி பார்க்காதவர்களும் பார்த்திருப்பார்கள். என் கண் போவது அதற்கு முந்தைய நொடிக்குத்தான். எந்த இடத்தில் எதிர்ப் பக்கத்துக்காரர் பலவீனம் என்று பாடம் சொல்கிறதோ, அதே வலது சுவரில்தான் அவர் பக்கை வெளியே விடாமல் பிடித்தார்.

சோவியத் அணியின் வியாசெஸ்லாவ் ஃபெடிசோவும் அலெக்ஸி கசடோனோவும் இரண்டு பேருமே லெஃப்ட் ஷாட். 1980களின் பெரும்பகுதி அவர்கள்தான் முதல் ஜோடி, 1984, 1988 ஒலிம்பிக் தங்கம் இரண்டிலும் இருந்தார்கள். இரண்டும் லெஃப்ட் என்றால் யாராவது ஒருவர் மாறி நின்றுதானே ஆக வேண்டும்? அந்த அணி பக்கைக் கண்மூடித்தனமாக மூலைக்கு அடிக்கிற அணி இல்லை, வழி அடைத்திருந்தால் பின்னால் திருப்பி மறுபடி கட்டி எழுப்புகிற அணி. பக் எப்போதும் தங்களிடமே இருந்தால் டிஃபென்ஸ்மேன் சுவரைப் பார்த்து மாட்டிக்கொள்கிற நொடிகளே குறைந்துபோகும்.

நம் காலத்தில் டி.ஜே. புரோடி. கேல்கரி அணியில் மார்க் ஜியோர்டானோவோடு ஜோடி, இரண்டு பேரும் லெஃப்ட் ஷாட், வலது பக்கம் போனது புரோடி. 2019இல் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பை 35 வயது ஜியோர்டானோவுக்குக் கிடைத்தது. கோப்பையில் ஒரு பெயர்தான் பொறிப்பார்கள், ஆனால் பக்கத்தில் நின்று எதிர்ப் பக்கத்தின் கஷ்டத்தையெல்லாம் வாங்கிக்கொண்டவருக்கு அதில் பங்கு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிறகு டொராண்டோவுக்குப் போன புரோடி அங்கேயும் மோர்கன் ரைலி என்கிற இன்னொரு லெஃப்ட் ஷாட்டுக்குப் பக்கத்தில் வலதில்தான் நின்றார். டல்லஸின் மிரோ ஹெய்ஸ்கனன், அவரும் லெஃப்ட் ஷாட், வலது பக்கம் நிறைய ஆடியிருக்கிறார்.

பாபி ஓர், புரோடி, ஹெய்ஸ்கனன் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் பொதுவாகத் தெரிவது கால். மூவருமே அருமையாகச் சறுக்குபவர்கள். இடுப்பைத் திறந்து, சுவருக்கு முதுகு காட்டி, மைதானத்தைப் பார்த்துத் திரும்ப அவர்களுக்குக் கண் சிமிட்டும் நேரம் போதும். அந்தத் திருப்பம் முடிந்துவிட்டால் எதிர்ப் பக்கம் என்பது குறையே இல்லை. கால் மெதுவான ஆளுக்குக் கை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் திரும்புவதற்குள் மோதல் வந்துவிடும். எதிர்ப் பக்கம் நிற்கக் கையைப் பார்த்து ஆள் எடுக்கிறார்கள், பார்க்க வேண்டியது காலை.

மறு தரப்பின் பலமான சாட்சி 2014 சோச்சி ஒலிம்பிக். கனடா பயிற்சியாளர் மைக் பாப்காக் லெஃப்ட்-ரைட் ஜோடியில் பிடிவாதமாக இருந்தவர். எட்டு டிஃபென்ஸ்மேன் எடுத்தார்கள், சரியாக நாலு லெஃப்ட், நாலு ரைட். கீத்தோடு வெபர், விளாசிக்கோடு டவுட்டி, பௌமீஸ்டரோடு பியட்ராஞ்சலோ. ஆறு ஆட்டத்தில் அந்த அணி வாங்கியது மொத்தம் மூன்று கோல், இறுதியில் ஸ்வீடனை 3-0 என்று முடித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஜோடிப் பொருத்தம் முக்கியமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று, கனடாவிடம் உலகத் தரத்தில் ரைட் ஷாட் நாலு பேர் இருந்தார்கள். இருக்கும்போது எதற்கு மாற்ற வேண்டும், மாற்றவே கூடாது. மூன்றாவது ரைட் ஷாட்டாக வெறும் சுமாரான ஆள்தான் இருக்கிறார், வெளியே பெஞ்சில் கால் வேகமான லெஃப்ட் ஷாட் உட்கார்ந்திருக்கிறார் என்கிற அணிக்கு அந்த உதாரணம் உதவாது. அங்கே நான் லெஃப்ட் ஷாட்டைத்தான் இறக்குவேன்.

இப்போது நம்ம மைதானத்துக்கு வருகிறேன். தரை ஹாக்கியில் இடதுகை ஸ்டிக் என்று ஒன்றே கிடையாது. ஸ்டிக்கின் இடது முகம் மட்டும் தட்டை, அந்தப் பக்கத்தால்தான் ஆட வேண்டும், எல்லோருக்கும் இடது கை மேலே, வலது கை கீழே. ஐஸ் ஹாக்கிக் கணக்கில் பார்த்தால் உலகத்தில் இருக்கிற அத்தனை தரை ஹாக்கி ஆட்டக்காரர்களும் ரைட் ஷாட். அப்படியென்றால் ரைட் பேக் எப்போதும் சொந்தப் பக்கம், லெஃப்ட் பேக் எப்போதும் எதிர்ப் பக்கம்! இடது கோட்டோரம் துரத்திக்கொண்டு ஓடும்போது ஸ்டிக்கைத் தலைகீழாகத் திருப்பி ரிவர்ஸில் ஆடித்தான் ஆக வேண்டும், எதிரே வருகிற ரைட் விங்கருக்கோ பந்து பலமான பக்கத்தில் இருக்கும். அந்தப் பையன் லெஃப்ட் பேக் வேண்டாம் என்றதற்குக் காரணம் சோம்பல் இல்லை. செயற்கைப் புல்லில் பந்து நேராக ஓடி வரும், ரிவர்ஸில் நிறுத்திவிடலாம். நம் பள்ளி மைதானங்களில் சரளை, கோடையில் இறுகிப்போன மண், பந்து துள்ளிக்கொண்டு வரும், ரிவர்ஸில் பிளேடின் சின்னப் பரப்புதான் கிடைக்கும், நழுவினால் நேரே விங்கர் கையில். (எங்கள் சத்துவாச்சாரியின் பெயரை வெளியே கொண்டுபோனது பளுதூக்குதல், சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் இரண்டு காமன்வெல்த்திலும் தங்கம் வாங்கினார். ஹாக்கிக்கும் இங்கே அந்த மரியாதை வர வேண்டும், அதற்கு நல்ல தரை வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.)

ஆனாலும் உலகத்தில் எந்த அணியும் லெஃப்ட் பேக் இல்லாமல் ஆடுவதில்லை, அந்த இடத்தில் தரமான ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். கோட்டுக்கு முதுகு காட்டி, மைதானத்தைப் பார்த்து உடம்பைத் திறந்து பாஸ் வாங்கு என்றுதான் லெஃப்ட் பேக்குக்கு முதல் நாளிலிருந்தே சொல்கிறோம். இடது கை மேல்கை என்பதால் கோட்டோரம் ஓடுகிற விங்கரை ஒற்றைக் கையால் குத்தவும் அவனுக்கு வசதி. ஐஸில் புரோடி செய்ததும் இதே இரண்டைத்தான். ஆகப் பழக்கத்தால் வரும் என்பதற்கு நம் ஆட்டமே ஆதாரம்.

ஒரு வித்தியாசத்தை மறைக்கக்கூடாது. நம் ஆட்டத்தில் சுவர் கிடையாது. லெஃப்ட் பேக் தடுமாறினால் பந்து கோட்டைத் தாண்டும், எதிரணிக்குப் போகும், அதற்குள் எல்லோரும் ஓடி வந்து நின்றுகொள்ளலாம். ஐஸில் பக் சுவரில் பட்டு உள்ளேயே இருக்கும், ஆட்டம் நிற்காது, உடம்பால் மோதுவதும் விதிக்குள்தான். அதே தடுமாற்றத்துக்கு அங்கே விலை பல மடங்கு. அதனால் நம் லெஃப்ட் பேக்கைக் காட்டி, யார் வேண்டுமானாலும் மாறி நிற்கலாம் என்று நான் வாதாட மாட்டேன். பழகினால் வரும், பழகாமல் வராது, அவ்வளவுதான் அது சொல்வது.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. ஆளை இந்த வாரம் வலது, அடுத்த வாரம் இடது, யாருக்காவது அடிபட்டால் மறுபடி வலது என்று பந்தாடுவது. எதிர்ப் பக்கத்தில் நிற்பவருக்கு எல்லாமே தலைகீழ்: எந்தத் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது, எந்தக் காலில் தள்ளுவது, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது. இவை யோசித்துச் செய்கிற காரியங்கள் அல்ல, உடம்பில் ஊறியிருக்க வேண்டியவை. ஊறுவதற்கு அவகாசம் கொடுக்காமல் நாலு மேட்சு பார்த்துவிட்டு இவனால் முடியாது என்று முத்திரை குத்துவது அநியாயம். மாற்றினால் சீசன் தொடக்கத்திலேயே மாற்றி அங்கேயே விட வேண்டும். ஜோடிக்காரரையும் அடிக்கடி மாற்றக்கூடாது, ஏனென்றால் சுவரைப் பார்த்து நிற்கிற ஆளுக்கு முதுகுப் பக்கம் கண் கிடையாது, "திரும்பு, ஆள் இல்ல" என்று ஒரு குரல் வந்தால்தான் அந்த ஒன்றரை நொடியை நம்பித் திரும்புவார். அந்தக் குரல் கொடுக்கிறவர் பழகியவராக இருக்க வேண்டும்.

நேரலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வேலை. அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் இரவு ஏழு மணிக்குத் தொடங்குகிற ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு விடிகாலை ஐந்தரைக்கு வரும். ஒரு லெஃப்ட் ஷாட் வலது பக்கம் நிற்கிற ஆட்டமாகப் பார்த்து, கோலையும் ஷாட்டையும் விட்டுவிட்டு, அவர் மூலைக்கு ஓடுகிற ஒவ்வொரு தடவையும் அவர் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் பாருங்கள். பக்கைத் தொடுவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒரு பார்வை போட்டாரா, தொட்டதும் மைதானத்தைப் பார்த்துத் திரும்பினாரா, இல்லை சுவரிலேயே ஒட்டிக்கொண்டு பேக்ஹேண்டில் தட்டிவிட்டாரா? முதல் இருபது நிமிடம் முடிவதற்குள் அவரால் அந்தப் பக்கம் ஆட முடியுமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.